உட்கருவுக்கு வெளியே மூட்டிய அடுப்பு

நாச்சிமுத்து ஐம்பதைத் தாண்டியவர். பூசாரிவலசு கால்நடை மருந்தகத்தில் மருத்துவராகப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். அவருடைய வழிகாட்டி பேராசிரியை எஸ்தர், அவரைவிடப் பத்து வயது சின்னவர். சிஷ்யர் குருவை மேடம் என்பார். குரு சிஷ்யரை டாக்டர் என்பார். மரியாதையில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை.

அன்று காலை நாச்சிமுத்து ஒரு கையில் செல் வளர்ந்த குடுவையும் மறு கையில் பிளீச்சிங் கரைசலுமாகத் தொட்டி அருகே நின்றார்.

"என்ன டாக்டர்?"

"கொட்டப் போறேனுங்க மேடம். வேற கிருமி புகுந்துருச்சு."

குடுவையில் இருந்தது ஆட்டம்மை வைரஸ். பூசாரிவலசில் நோயில் விழுந்த ஒரு வெள்ளாட்டின் அம்மைப் புண்ணில் காய்ந்த பொருக்கிலிருந்து அவரே எடுத்து வளர்த்தது. அந்தப் பொருக்கு தீர்ந்துவிட்டது. "உங்க ஆட்டு அம்மையை வச்சே தடுப்பூசி பண்றேன்" என்று ஊரில் வாக்குக் கொடுத்திருந்தார். இதைக் கொட்டினால் வெளியூர் நிலையம் ஒன்றிடம் கையேந்தி அவர்கள் வைரஸை வாங்க வேண்டும்.

"எப்படித் தெரிஞ்சது?"

"டி.என்.ஏ.வை மட்டும் நீலமாக்கற சாயம் போட்டுப் பார்த்தேனுங்க. உட்கரு நீலமா மின்னுது, சரி. அதுக்கு வெளியேயும் நீலத் திட்டு. டி.என்.ஏ.வுக்கு வெளியே என்னங்க வேலை? வேற கிருமியோடதுதான்."

எஸ்தர் கரைசலை வாங்கிக் கீழே வைத்தார்.

"பக்கத்துலயே வைரஸ் விடாம ஒரு குடுவை வளர்த்தீங்களே. அதைப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

"அதே செல், அதே கை. சாயம் போட்டுப் பாருங்க."

அவர் பார்த்துவிட்டு வந்தார். "உட்கரு மட்டும்தான் மின்னுது. சுத்தி ஒண்ணுமில்லீங்க."

"அப்போ உங்க கை சுத்தம். வைரஸ் விட்ட செல்லுல மட்டும்தான் திட்டு."

நாச்சிமுத்துவுக்கு வெட்கமாகப் போயிற்று. அம்மை வைரஸ் உட்கருவுக்குள் போகாது, வெளியே சைட்டோபிளாசத்தில்தான் தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். எழுதியது நேரில் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

ஆனாலும் விடவில்லை. "நகல் எடுக்கற வசதியெல்லாம் உள்ளே இருக்குதுங்களே மேடம். இது ஏன் வெளியே உக்காருது?"

"உங்க மகள் கல்யாணத்துக்குச் சமையல் எங்கே நடந்தது?"

"பந்தலுக்குப் பின்னாலங்க."

"வீட்டு அடுப்படியில இல்லையா?"

"சமையல்காரர் அண்டா, கரண்டி எல்லாம் கையோட கொண்டு வந்துட்டாருங்க. அடுப்பைக் கல்லு வச்சு அங்கயே கட்டிக்கிட்டாரு. அவருக்கு உள்ளே என்ன வேலை?"

"அரிசி, பருப்பு?"

"அது நம்மளது."

எஸ்தர் நுண்ணோக்கியைக் காட்டினார். நாச்சிமுத்து மறுபடி குனிந்தார். உட்கருவை ஒட்டி, ஆனால் அதற்குள் நுழையாமல், அந்தத் திட்டு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. முதல் வேலைக்கான நொதிகளைக் கையோடு கொண்டுவந்து, நகல் எடுக்கும் நொதியைச் செல்லின் சரக்கைக் கொண்டு தன் செய்முறைப்படி இங்கேயே செய்துகொண்ட வைரஸ். வெகுநேரம் அவர் தலை நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது எஸ்தர் மார்க்கர் பேனாவை நீட்டினார். "பேர் எழுதுங்க."

எடுத்த ஊரின் பெயரை வைரஸுக்கு வைப்பது அவர்கள் வழக்கம். நாச்சிமுத்து தயங்கினார்.

"சின்ன ஊருங்க மேடம், வரைபடத்துலயே தேடணும். பல்கலைக்கழகத்துப் பேரே இருக்கட்டுமே. இடம் குடுத்தது நீங்கதானே."

"இடமும் அரிசியும் நாங்க குடுத்தோம் டாக்டர். சமையல் யாரோடது?"

நாச்சிமுத்து பேனாவை வாங்கினார். குடுவையின் மேல் பூசாரிவலசு என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.