கேட்காத சப்வூஃபர்

“டீச்சர், என் வீட்டுக்காரி பொய் சொல்லுதா.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே ஆவுடையப்பன் சொன்னார்.

ஃபிலோமினா ஒரு ஸ்பீக்கரின் கிழிந்த கூம்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பாளையங்கோட்டையில் அவள் கடைக்கு ஸ்பீக்கரைப் பழுதுபார்க்க வருகிறவர்கள் நிறையப் பேர். கேட்கக் கற்றுக்கொள்ள வந்தவர் ஆவுடையப்பன் ஒருவர்தான். ஓய்வு பெற்ற என்ஜினியர். அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் வந்து, அவள் சுழலவிடும் இசைத்தட்டைக் கண்மூடிக் கேட்பார். “என்ன கேட்டது?” என்பாள். அவர் சொல்வார். பாதி நாள், “இல்லை” என்பாள்.

“என்ன பொய்?” என்றாள் இப்போது.

“நான் வாங்கின சப்வூஃபர் பெட்டி வீட்டையே உலுக்குதாம். தலைக்குள்ள இடிக்குதாம். அதுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவன் நான். எனக்கு ஒண்ணுமே கேக்கலை! மிருதங்கத்துல தொப்பி, அந்த இடது கைப் பக்கத்துக் கனத்த அடி, நல்லா விழணும்னுதானே வாங்கினேன்? எட்டு மாசமா குமிழைத் திருகித் திருகி முக்காலுக்குக் கொண்டாந்துட்டேன். தொப்பி போன இடம் தெரியலை. இவளுக்கு மட்டும் இடி விழுதாம்!”

“வாங்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டீங்களே.”

“கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க? ‘வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க’ன்னு திருப்பிக் கேட்டீங்க. அது ஒரு பதிலா?”

அவள் பசையை ஊதினாள்.

“சனிக்கிழமை மக வீட்டுக்குப் போறாளாம். திரும்பி வர்ற பேச்சே இல்லை. முப்பத்தொரு வருஷம், டீச்சர்! ஒரு பெட்டிக்காக! நீங்க வாங்க. உட்கார்ந்து கேளுங்க. சத்தம் இல்லைன்னு அவ முகத்துக்கு நேரா சொல்லுங்க.”

“வாரேன்.”

ஆட்டோவிலும் அவர் ஓயவில்லை. “பெட்டியோட வந்த கையேட்டையும் காணோம். அவ வேலைதான். கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கா.”

கதவைத் திறந்தவள் பிரமநாயகி.

“தீர்ப்புச் சொல்ல ஆள் வந்தாச்சா?” என்றாள் கணவரிடம். பிறகு ஃபிலோமினாவிடம், “வாம்மா. காப்பி குடிப்பேல்லா?” என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கூடத்தின் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதற்கு ஜோடியான இன்னொன்று மடக்கப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது. எதிரே இரண்டு ஸ்பீக்கர்கள். மூலையில், படுக்கையறைச் சுவரை ஒட்டி, கறுப்பாக அந்தப் பெட்டி.

இசைத்தட்டு சுழன்றது. ஃபிலோமினா நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடினாள்.

“தொப்பி கேக்குதா?”

“இல்லை.”

“பிரமு! கேட்டியா? டீச்சரே சொல்லிட்டாங்க!”

அடுக்களையில் ஒரு பாத்திரம் சற்று பலமாகவே கீழே வைக்கப்பட்டது.

ஃபிலோமினா எழவில்லை. “அண்ணாச்சி, தவழுங்க.”

“என்னது?”

“கீழே முட்டி போட்டுத் தவழுங்க.”

“அது எனக்கும் தெரியும், டீச்சர். பெட்டியைத் தூக்கி நாற்காலியில வைக்கணும். நாம தவழ்ந்து போய், எங்கே நல்லாக் கேக்குதோ அங்கே பெட்டியை வைக்கணும். படிச்சிருக்கேன்.”

“பெட்டி அங்கேயே இருக்கட்டும். நீங்க தவழுங்க.”

“எதைத் தேடி?”

“தொப்பியை.”

“அறுபத்தொரு வயசு எனக்கு! நாப்பது பேரை வேலை வாங்கினவன்!”

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். முட்டி தரையில் பட்டதும் ஆத்திரம் இன்னும் ஏறியது. இவளும் அவளும் ஒரே கட்சி என்று நினைத்தார்.

நாற்காலியைச் சுற்றி ஒன்றுமில்லை. கண்ணாடி அலமாரியின் அடியில், கதவிடுக்கில் ஏதோ காகிதம் மடித்துச் செருகியிருந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கடந்துபோகிற அலமாரி. இந்த உயரத்திலிருந்து அதை அவர் பார்த்ததே இல்லை.

படுக்கையறை வாசலில் உள்ளங்கை அதிர்ந்தது.

உள்ளே, சுவரோரம் பிரமநாயகியின் பாய். முதுகுவலி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தரைதான். மத்தியானம் மூன்று மணிக்குப் படுப்பாள். மூன்று மணிக்குத்தான் அவர் இசைத்தட்டைப் போடுவார். பாயின் பக்கத்தில் கட்டிவைத்த பை. தலைமாட்டில் தட்டு போட்டு மூடிய தண்ணீர்ச் செம்பு.

அவர் தலையணையில் தலையை வைத்தார்.

தொப்பி அங்கே இருந்தது.

ஒவ்வொரு அடியும் சுவரிலிருந்து புறப்பட்டுத் தலையணை வழியாகக் காதுக்குள் இறங்கியது. பல் கூசியது. கண்ணை மூடினால் இன்னும் பலமாக இறங்கியது.

ஜன்னல் சட்டத்திலும் மடித்த காகிதம். கட்டில் காலுக்கு அடியிலும். செம்பை மூடியிருந்த தட்டுக்குக் கீழேயும் ஒன்று. அதை உருவினார். உருவியதுதான் தாமதம், தட்டு செம்பின் விளிம்பில் கடகடவென்று ஆட ஆரம்பித்தது.

காகிதத்தைப் பிரித்தார். பெட்டியின் படம். கீழே எண்: ஏழாம் பக்கம்.

மடிப்புகளைப் பார்த்தார். விரலால் நீவி நீவிப் பொறுமையாக மடிக்கப்பட்டவை.

வாசலில் நிழல் விழுந்தது. காப்பி டம்ளரோடு பிரமநாயகி நின்றிருந்தாள்.

“அண்ணாச்சி!” கூடத்திலிருந்து ஃபிலோமினா கேட்டாள். “நிறுத்திரவா?”

தட்டு ஆடிக்கொண்டே இருந்தது.

“வேண்டாம், டீச்சர்,” என்றார். எழுந்திருக்கவில்லை.

பிரமநாயகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

“கால்மாட்டுப் பக்கம் தலையை மாத்தி வச்சுப் படுங்க,” என்றாள். “அங்கே கொஞ்சம் கம்மியா இடிக்கும்.”