ஒரு டம்ளர் உறைமோர்

"இன்னும் எத்தனை வருஷம்தான் அம்மா நான் காத்துக் கிடக்கிறது?"

கேட்டவர் ஆவுடையப்பன். வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு பேராச்சி அம்மைக்கு நாற்பதுகூட நிறையவில்லை. சீடனே ஆனாலும் வயதுக்கு ஒரு மரியாதை உண்டு என்று அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். ஆற்றங்கரை மடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"லட்சுமிக்குத்தான். பதினெட்டு வருஷமா ஒரு நாள் விளக்கு வைக்கத் தவறினதில்ல. விளக்கு வச்ச பிறகு ஒரு சொட்டுப் பாலோ, ஒரு கல் உப்போ என் வாசல் தாண்டிப் போனதில்ல. கொடுத்தா அவளும் கூடவே போயிருவாளே! இவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன். ஆனா ஒரு நாளாவது அவ இருக்கிற மாதிரி இல்ல. வீடு வெறிச்சுன்னு கிடக்கு. நீங்க காதில உபதேசம் சொன்னாலாவது..."

மனுஷர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்டில யாரு?"

"கோமு. பேச்சுவார்த்தை கிடையாது."

"ஏன்?"

"எட்டு வருஷம் முன்னால மகளுக்குக் காய்ச்சல்னு ஒரு டம்ளர் பால் கேட்டு வந்தா. விளக்கு வச்சாச்சு, காலையில வான்னேன். அன்னையிலேருந்து முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறா. இதில என் தப்பு என்ன இருக்கு?"

அம்மை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்குச் சாயந்திரம் உங்க வீட்டுக்கு வாறேன். தயிர்ச்சோறு போதும். சாப்பிட்டு எழுந்ததும் உபதேசம்."

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக் கிடைக்காதது!

"பால் உங்க மாட்டுப் பாலா இருக்கட்டும். உறைமோர் மட்டும் கோமு வீட்டுது. இன்னைக்கே வாங்கி ஊத்தணும்."

"அம்மா!"

"இல்லைன்னா நான் வரமாட்டேன்."

வீட்டுக்கு வந்தார். பாலைக் காய்ச்சி ஆற வைத்தார். டம்ளரை எடுத்தார், வைத்தார். அவளிடம் போய்ப் பல்லை இளிக்க வேண்டுமா? தலைவலிக்கிற மாதிரி இருந்தது, படுத்தார். தலைவலியாவது ஒன்றாவது! எழுந்து வாசல்வரை போனார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இப்படியே பொழுதை ஓட்டிவிட்டு, கடைசியில் வேட்டியை இறுக்கிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றபோது, உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விளக்கு வைத்த வீட்டில் போய் மோர் கேட்பதா? அதுவும் இந்த வீட்டில், இந்த வாய் கேட்பதா? திரும்பிவிட நினைத்தார்.

"யாரது?"

கோமு வெளியே வந்துவிட்டாள்.

உறைமோர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"மகளுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"

கோமு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டீக போங்க! அவளுக்குக் கல்யாணமே ஆயிட்டு."

"அந்தப் பாலை நான் கொடுத்திருக்கணும் தாயி," என்றார் ஆவுடையப்பன். "தப்புப் பண்ணிட்டேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கோமுவும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கையில என்ன டம்ளர்?"

"உறைமோர் கேட்கலாம்னு... வேண்டாம், விளக்கு வச்சாச்சு."

கோமு வெடுக்கென்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திவிடுவாள் என்றே நினைத்தார். திரும்பி வந்தாள். டம்ளரில் மோர் தளும்பியது.

"ஐயோ கோமு, லட்சுமி போயிருவா!"

"எங்க போயிருவா? பக்கத்து வீட்டுக்குத்தானே போறா? போயிட்டு வரட்டும். பிடிங்க அண்ணாச்சி, கை வலிக்கு."

கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவர் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நடந்தார். சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை. தன் வீட்டு வாசலில், யாரையோ முன்னால் போகச் சொல்லுகிறவர் போல ஒதுங்கி நின்றுவிட்டு, பிறகுதான் உள்ளே காலை வைத்தார். வீடு வெறிச்சென்று இல்லை.

மறுநாள் சாயந்திரம் அம்மை வந்தாள். தயிர் கட்டியாக உறைந்திருந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆவுடையப்பன் விளக்கு ஏற்றினார். அம்மை கையைக் கழுவிவிட்டு விளக்கின் முன் அமர்ந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. காதைக் காட்டுங்க."

"கொஞ்சம் இருங்கம்மா, வந்திருதேன்."

அதே டம்ளர் நிறையப் பாலை ஊற்றிக்கொண்டு வாசலுக்கு விரைந்தார்.

"விளக்கு வச்சாச்சே அண்ணாச்சி! லட்சுமி போயிருவாளே?"

"போகட்டும்மா!"

பதில் தெருவிலிருந்துதான் வந்தது, ஊருக்கே கேட்கும்படி.

"அவளுக்குத்தான் வழி தெரியுமே!"