பிரகதி தெளிந்த மாதம்

ஒரு பிள்ளை, மூன்று வைத்தியம், மூன்று பெரியவர்கள். கதையைக் கேட்டுவிட்டு யார் செய்தது சரி என்று நீங்கள் சொல்ல வேண்டும். அந்த மூவரில் ஒருவன் நான்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்காகப் பரிந்துகொண்டு வராதீர்கள்.

எங்கள் மகள் பிரகதிக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் இருக்கிறது. பேசுவாள், ஆனால் பேச்சு துண்டு துண்டாக வரும். ஏதாவது தாங்க முடியாமல் போனால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வாள். ரத்தம் வரும்வரை விடமாட்டாள். எங்களுக்கு வேறு பேராசை கிடையாது, அந்தக் கடி நின்றால் போதும்.

அதற்காக நான் பிடித்தது நியூரோஃபீட்பேக். சேலத்தில் ஒரு மையம் இருக்கிறது. தலையில் வயர் வைத்த தொப்பியை மாட்டி கார்ட்டூன் போடுவார்கள். மூளையின் அலை அவர்கள் நினைத்தபடி இருந்தால் படம் ஓடும், இல்லாவிட்டால் மங்கிவிடும். சனிக்கிழமைதோறும் நான்தான் கூட்டிப்போவேன். என் மனைவி சுகந்தி பிடித்தது பத்தியம். பால், தயிர், கோதுமை எதுவும் ஆகாது. தயிர்சாதம் தயிர்சாதம் என்று உயிரை விடுகிற பிள்ளைக்கு இப்படி ஒரு பத்தியம்! அடுத்த தெருவில் இருக்கும் என் அக்கா புனிதா அக்குபஞ்சர் படித்தவள். அவள் பங்குக்கு வாரம் இரண்டு நாள் காதோரம் ஊசி. "இதுக்கெல்லாம் உறுதியான ஆதாரம் இல்லைங்க" என்று எங்கள் டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொன்னார். கேட்டோமா? கேட்கவில்லை.

ஆடி மாதம் பிறந்தது. திரையில் படம் மங்கும்போதெல்லாம் பிரகதியின் உடம்பு நடுங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. மையத்துக்குப் போன் போட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று புளுகிவிட்டு, அவளை ரயில்வே மேம்பாலத்துக்குக் கூட்டிப்போனேன். கூட்ஸ் வண்டி வந்தால் பெட்டிகளை எண்ணுவாள். எண்ணி முடித்ததும் கைகொட்டிச் சிரிப்பாள். அப்புறம் நான்கு சனிக்கிழமையும் மேம்பாலம்தான். வீட்டில் மூச்சு விடவில்லை. ஊரையே கூட்டி அந்த வைத்தியத்தைப் புகழ்ந்தவன் நான், எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டேன் என்று சொல்வது?

அதே மாதம் சுகந்தி மனசு கேட்காமல், நான் வேலைக்குப் போன பிறகு தயிர்சாதம் பிசைந்து ஊட்டத் தொடங்கியிருக்கிறாள். அக்காவும் ஊசியை எடுக்காமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைக்குக் காலை அமுக்கிவிட்டு அனுப்பியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

பிரகதி தெளிந்தாள். நன்றாகத் தூங்கினாள். நான்கு வாரமாக மணிக்கட்டில் பல் படவில்லை.

மாதக் கடைசியில் மூவருமாகப் பிள்ளையை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அவருக்கு ஆச்சரியம். "இந்த மாசம் எதையாவது மாத்துனீங்களா? எதையாவது நிறுத்துனீங்களா? சொன்னாத்தான் எனக்குப் புரியும்."

நிறுத்தினீர்களா என்று வாய்விட்டே கேட்டார், பாருங்கள்.

"ஒண்ணும் மாத்தலைங்க. எல்லாம் எங்க அக்கா கைராசி" என்றேன் நான்.

"அட போடா. சுகந்தி பத்தியத்துல அவ்வளவு கறாரு டாக்டர், அதான்" என்றாள் அக்கா.

"இவரு ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லைங்க" என்றாள் சுகந்தி.

பெருந்தன்மை எல்லாம் இல்லை. அடுத்தவர் வைத்தியம்தான் பலித்தது என்று மூவருமே நிஜமாக நம்பினோம். தன்னுடையதைக் கைவிட்டதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

டாக்டரம்மா பிள்ளையிடம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. இந்த மாசம் என்னென்ன செஞ்ச?"

பிரகதி சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஐம்பத்தெட்டுப் பெட்டி. தயிர்சாதம். அத்தை ஊசி இல்ல."

மாட்டிக்கொண்டேன் என்று பயந்தேன். பெட்டி என்றால் என்னவென்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தயிர்சாதத்தை ஆசையில் சொல்கிறாள், ஊசி வேண்டாமென்று அடம்பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சுகந்தியும் அக்காவும்கூட அவரவர் துண்டுக்கு மட்டும்தான் பயந்திருக்கிறார்கள்.

"இவ இப்படித்தாங்க, சம்பந்தமில்லாம ஏதாவது சொல்லுவா" என்றேன். மற்ற இருவரும் அவசரமாகத் தலையாட்டினார்கள். 'சம்பந்தமில்லாத பேச்சு' என்று டாக்டரம்மா ஃபைலில் எழுதிக்கொண்டார். "சரி, செய்யறதையே செய்யுங்க" என்றார்.

அடுத்தவர் உழைப்பில் பிள்ளை தேறுகிறாள், நாம் மட்டும் ஏமாற்றுகிறோமே என்று மூவருக்கும் உறுத்தல். அன்றிலிருந்து மூன்று வைத்தியமும் முன்னைவிட முனைப்பாக ஆரம்பமாயின. நான் வாரம் இரண்டு தடவை தொப்பி மாட்டவைத்தேன். பத்தே நாளில் மணிக்கட்டு புண்ணாகிப்போனது.

அதற்கு மருந்து போடும்போது சுகந்தி உடைந்துபோய்த் தயிர்சாதத்தைச் சொன்னாள். நான் மேம்பாலத்தைச் சொன்னேன். அக்காவும் ஊசி போடாததைச் சொன்னாள். அப்போதாவது அடங்கினோமா? "நான் நிறுத்துனதாலதான் தேறுனா" என்று ஆளாளுக்கு அதற்கும் சண்டை போட்டோம்.

இப்போது சொல்லுங்கள். அன்று டாக்டர் அறையில் இருந்தவர்களில் சரியாக நடந்துகொண்டது யார்?

விடை: நாங்கள் மூவரும் இல்லை. எதை நிறுத்தியதால் பிள்ளை தெளிந்தாள், நிறுத்தியதால்தான் தெளிந்தாளா என்பதுகூட இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே வாய்ப்பை நாங்களே கெடுத்தோம். கேட்ட கேள்விக்கு நேராக, முழுசாகப் பதில் சொன்னவள் பிரகதி ஒருத்திதான். அதைச் சம்பந்தமில்லாத பேச்சு என்று எழுதவைத்தவன் அவளைப் பெற்றவன். டாக்டரம்மாவிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன், அவர் அந்த வரியை அடித்தார். வெட்கம் பிடுங்கித் தின்ன வீட்டுக்கு வந்து பிரகதி முன்னால் உட்கார்ந்தேன். "நீ சொன்னதுதான் நெசம் கண்ணு. அப்பாதான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"நான் சொன்னேன்" என்றாள்.