சொருகியே கிடந்த வயர்

"இரைச்சலே இல்லாத பிக்கப் எது டீச்சர்?"

எபனேசர் வந்ததும் கேட்டார். உட்காரக்கூட இல்லை.

டீச்சர் ஒரு கிட்டாரின் கழுத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருக்கு இரைச்சல் கேக்கக் கூடாது?"

"கிளாட்வினுக்கு."

தேய்த்த கை நின்றது.

டெல்பின் டீச்சருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. முன்பு கிட்டார் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். இப்போது தூத்துக்குடியில், உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், அவரவர் கேட்கும் விதத்தில் கிட்டார் செய்துகொடுக்கிறார். ஊர் பழைய பெயரை விடவில்லை.

எபனேசர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய கிட்டாருக்கு மரம் அறுத்தாயிற்று. கழுத்தும் ஏறிவிட்டது. நடுவில் இரண்டு குழிகள் மட்டும் காலியாக இருந்தன. கம்பியின் அதிர்வை வாங்கி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்கு அனுப்புகிற பிக்கப், அந்தக் குழிகளில்தான் உட்கார வேண்டும்.

"கிளாட்வின் என்ன செஞ்சார்?"

"ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாது."

எபனேசர் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே பாட்டுக்குழு. அவன் கீபோர்டு, நான் கிட்டார். ஒரு கோயில்ல அசன விருந்து. சாப்பாடு முடிஞ்சு கச்சேரி. தலைக்கு மேல டியூப் லைட். என் பழைய பிக்கப் அதைக் கண்டாலே 'ங்ங்ங்'னு இரையும். பாட்டு பாதியில இருக்கு. அவன் எந்திச்சு வந்து என் வயரைப் புடுங்கிட்டான்."

"பிறகு?"

"பிறகென்ன. பாட்டு முடியுற மட்டும் செத்த கம்பியில விரலை ஓட்டிட்டு நின்னேன். என் வீட்டுக்காரி எஸ்தர் முன்வரிசையில இருந்தா. கல்யாணமான புதுசு."

"எப்ப நடந்தது?"

"என் மவனுக்கு இப்ப தலை நரைச்சிட்டு."

டீச்சர் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன வந்தது?"

"இந்த வருச அசனத்துல பழைய ஆளுங்க எல்லாரும் சேர்ந்து வாசிக்கணும்னு ஆள் அனுப்பியிருக்கான். வாரேன்னு சொல்லிட்டேன். வந்து காட்டுதேன். ஒரு பொட்டு இரைச்சல் இருக்கக் கூடாது. சத்தம் பந்தலைத் தூக்கணும். அவன் தலை குனியணும்."

"அவருக்குக் காது சரியா கேக்கலைன்னு சொன்னாங்களே."

"மெஷின் மாட்டியிருக்கான். இந்த அசனத்தோட சரி. இனி வாசிக்க மாட்டானாம்."

"காது கேக்காதவருக்கு இரைச்சல் இல்லாத கிட்டாரா, அண்ணாச்சி?"

எபனேசருக்குக் கோபம் வந்தது.

"பிக்கப்பைக் காட்டுங்க டீச்சர்."

டீச்சர் மேசைமேல் இரண்டு பிக்கப்புகளை வைத்தார். வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளை ஒன்றின் மேல் தூவினார். துண்டுகள் பாய்ந்து ஒட்டிக்கொண்டன.

மற்றதன் மேலும் தூவினார். ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தன. ஊதினார். பறந்தன.

"எது வேணும்?"

எபனேசர் முதலாவதைத் தொட்டார். "காந்தத்துக்கு என்னா வலு! இதான்."

"அது கம்பியைப் பிடிச்சு இழுக்கும். கம்பி சீக்கிரம் அடங்கிரும்."

"அப்ப அந்தச் சவலை?"

"அது பிடிச்சு வைக்காது. கம்பி பாடி முடிக்கிற மட்டும் விட்டிரும்."

"வலுவே இல்லாம சத்தம் எங்கேருந்து வரும்?"

"உள்ளுக்குள்ள சின்னதா ஒரு சர்க்கியூட் இருக்கு. பேட்டரியில ஓடும். ஆக்டிவ் ஹம்பக்கர்னு பேர். நீங்க கேட்ட சத்தம் வரும். இரைச்சல் வராது."

"இரைச்சல் எங்க போகும்?"

டீச்சர் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ஹம்பக்கரை எடுத்து மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள்.

"இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர்மாறா இருக்கும். வெளியில இருந்து வர்ற இரைச்சலை ரெண்டும் சேர்ந்து அழிச்சிரும். பாட்டு மட்டும் மிஞ்சும்."

"எதிர்மாறா இருந்தா சண்டைல்லா வரும்?"

"பக்கத்துல பக்கத்துல இருக்கணும். தள்ளி வச்சா நடக்காது."

எபனேசர் அந்தச் சுருள்களை அதிக நேரம் பார்க்கவில்லை.

"கம்பி முடியுற பிரிட்ஜ் பக்கம், இருக்கிறதுலயே கூர்மையானதைப் போடுங்க. காதைக் கிழிக்கணும்."

"கழுத்துப் பக்கம்?"

"அங்கயும் அதே."

"அங்க கொஞ்சம் மெதுவா பேசுறதைப் போடுதேன்."

"எதுக்கு? நான் தொட மாட்டேன்."

"இருந்துட்டுப் போகட்டும். உங்ககிட்ட சோறா கேக்கப் போகுது?"

எபனேசர் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டு வெளியே போனார்.

கிட்டார் தயாரானது.

கொட்டகையில் வைத்து ஆம்பில் மாட்டினார்கள். மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. எபனேசர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றுமே கேட்கவில்லை. இரைச்சல் இருக்க வேண்டிய இடத்தில் அமைதி இருந்தது.

அவர் ஓங்கி ஒரு அடி அடித்தார். தகரக் கூரை அதிர்ந்தது.

"அண்ணாச்சி, இதை அடிக்க வேண்டாம்" என்றார் டீச்சர். "தொட்டாலே கேக்கும்."

"அடிக்கத்தானே செய்யச் சொன்னேன்."

டீச்சர் கிட்டாரைத் துடைத்துக் கையில் கொடுத்தார்.

"வாசிச்சு முடிச்சதும் வயரைக் கழட்டிருங்க."

"என் வயரையா?"

எபனேசர் சட்டைப்பையிலிருந்து தங்கூஸ் நரம்பை எடுத்தார். மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற நரம்பு. அங்கேயே உட்கார்ந்து, கிட்டாரில் சொருகியிருந்த வயரைச் சுற்றி, தோள்வார் மாட்டும் குமிழோடு சேர்த்து இறுக்கினார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு.

"பழைய கிட்டாரையும் அன்னையில இருந்து இப்படித்தான் கட்டிப் போட்டிருக்கேன். இனி எவன் புடுங்குதான்னு பாப்போம்."

டீச்சர் முடிச்சைப் பார்த்தார்.

"நல்ல முடிச்சு" என்றார்.

மறுபடி உப்புத்தாளை எடுத்துக்கொண்டார்.

அசனத்தன்று காலையில் எபனேசர் கொட்டகை வாசலில் நின்றார். தோளில் கிட்டார். அதிலிருந்து வயர் தரைவரை தொங்கியது.

"ஏமாத்திட்டீங்களே டீச்சர்."

"உள்ள வாங்க."

"இப்பதான் வீட்டுல ஆம்ப்ல மாட்டிப் பார்த்தேன். முதல்ல கரகரன்னுது. பிறகு அதுவும் இல்லை. பொணமாக் கிடக்கு. சாயங்காலம் அவன் முன்னால மறுபடியும் செத்த கம்பியோட நிக்கணுமா நான்?"

கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கி நீட்டினார்.

டீச்சர் கிட்டாரைத் திருப்பி, பின்பக்க மூடியைத் திறந்தார். பேட்டரியை எடுத்து நாக்கு நுனியில் தொட்டார். எபனேசரிடம் நீட்டினார். அவரும் தொட்டுப் பார்த்தார். சுள்ளென்று ஒன்றும் இல்லை.

"புதுசுல்லா போட்டது?"

"புதுசுதான். வீட்டுல நிறைய வாசிச்சீங்களோ?"

"ஒரு தடவைகூட இல்லை. அவன் முன்னாலதான் முதல்ல வாசிக்கணும்னு இந்த மூணு மாசமும் சுவர்ல சாத்தி வச்சிருந்தேன்."

"வயரோட?"

"வயரோட."

டீச்சர் முடிச்சின் மேல் விரலை வைத்தார்.

"இந்த வயர்தான் சுவிட்ச். சொருகின உடனே பேட்டரி ஓட ஆரம்பிச்சிரும்."

"நான் வாசிக்கவே இல்லையே."

"வாசிக்காட்டாலும்."

"மறுமுனையை ஆம்ப்ல சொருகவே இல்லையே."

"உங்க பக்கம் சொருகி இருந்தா போதும்."

எபனேசர் வயரை விரலால் நெருடினார். பிறகு, "பழைய கிட்டார்ல வருசக்கணக்கா சொருகியே கிடந்ததே. ஒண்ணும் ஆகலையே" என்றார்.

"அதுல தீர்ந்துபோக ஒண்ணும் இல்லை, அண்ணாச்சி. இதுல இருக்கு."

வெளியே உப்பு லாரி ஒன்று போனது. 

டீச்சர் புது பேட்டரியை எடுத்து வந்தார். போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல வயரைக் கழட்டுங்க."

"பிளேடு இருக்கா?"

"இருக்கு."

எடுத்துத் தரவில்லை.

எபனேசர் கிட்டாரை மடியில் போட்டு அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு கல்லாக இருந்தது. நகம் வழுக்கியது. பல்லால் கடித்தார். டீச்சர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டீ வந்தது. ஆறியது.

"அவன்தான் எனக்கு முதல்ல சுருதி சேர்க்கச் சொல்லிக்கொடுத்தான்" என்றார் எபனேசர், தலை நிமிராமல்.

டீச்சர் ம் கொட்டினார்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆம்ப். சைக்கிள்ல பின்னால உக்காந்து அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வருவான். நான் மிதிப்பேன். மேட்டுலகூட இறங்க மாட்டான், நாய்."

"இறங்கச் சொன்னீங்களா?"

"சொல்லலை. ஆம்ப் விழுந்துரும்லா."

ஒரு சுற்று இளகியது.

எபனேசர் கையை நிறுத்தினார்.

"அதுக்காக, அன்னைக்கு அவன் செஞ்சது சரின்னு ஆயிருமா?"

"ஆகாது" என்றார் டீச்சர்.

எபனேசர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடமாக எல்லோரும் அவரிடம், போகட்டும் விடுங்க என்றுதான் சொல்லியிருந்தார்கள். எஸ்தரும் அதைத்தான் சொன்னாள். போதகரும் அதைத்தான் சொன்னார். ஒருவர்கூட இந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

"ஆகாதுல்லா?"

"ஆகாது அண்ணாச்சி."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

முடிச்சு அவிழ்ந்தது.

சாயங்காலம் பந்தல் முழுக்கக் கறிக்குழம்பு வாசம். சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டு நாற்காலிகளைத் தேடினார்கள்.

கிளாட்வின் கீபோர்டின் முன் உட்கார்ந்திருந்தார். மிகவும் இளைத்திருந்தார். இரண்டு காதிலும் மெஷின்.

எபனேசர் மேடை ஏறினார்.

கிளாட்வின் அவரைப் பார்த்தார். மேலே எரிந்த டியூப் லைட்டைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

எபனேசர் இன்னும் ஒரு கம்பியைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

அவர் வயரைச் சொருகினார். இரைச்சல் இல்லை. பிக்கப் மாற்றும் சுவிட்ச் பிரிட்ஜ் பக்கம் இருந்தது. விரல் அதன் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கழுத்துப் பக்கம் தள்ளியது.

வாசித்தார்கள். கிளாட்வின் காதை நம்பவில்லை. எபனேசரின் விரல்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கட்டைகளை அழுத்தினார். அது தெரிந்ததும் எபனேசர் அவர் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார், விரல் நன்றாகத் தெரியும்படி.

கடைசிப் பாட்டு. நடுவில் கிட்டார் தனியாக வாசிக்கும் இடம். கீபோர்டு நின்றது.

கிளாட்வின் நாற்காலியை நகர்த்தி வந்தார். உள்ளங்கையைக் கிட்டாரின் மரத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

எபனேசர் விலகவில்லை. அடிக்கவும் இல்லை. தொட்டார்.

கம்பி வெகுநேரம் பாடியது.

பாட்டு முடிந்தது. கைத்தட்டல் அடங்கியது. கிளாட்வின் கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் மடியில் வைத்தார்.

எபனேசர் கிட்டாரின் சத்தத்தைக் குறைத்தார். கிளாட்வினின் காதோரம் குனிந்தார்.

"வயரைப் புடுங்குல."

கிளாட்வின் காது மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

"மெஷின் சரியாத்தாம்ல இருக்கு. புடுங்கு. பேட்டரி தீந்துரும்."