தேன்பாறைக்கு மின்கம்பம்

சென்னியப்பன் மலையேறி வந்தபோது குரு நீலவேணி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். வயதில் சென்னியப்பனைவிட இளையவர். இருந்தாலும் அவருக்கு இவர்தான் குரு.

"அம்மா, தேன்பாறைக்கு மின்கம்பம் நடப்போகிறார்கள். எப்படியாவது தடுக்க வேண்டும்."

"ஏன்?"

"நட்சத்திரம் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். இப்படியோர் இருட்டு அவர்கள் ஊரில் இல்லையாம். கூடாரம் போட்டு, தொலைநோக்கி வாங்கி, ஊர்க்காரர்களுக்கும் வேலை கொடுத்திருக்கிறேன். விளக்கு வந்தால் எல்லாம் போச்சு. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கேட்கும்."

நீலவேணி துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினார்.

"சொல்கிறேன். தேன்பாறைக்கு நடந்தே போவோம். டார்ச் வேண்டாம்."

பொழுது சாய்ந்திருந்தது. மூங்கில் காட்டுக்குள் நுழைந்ததும் பாதை மறைந்துபோனது. சென்னியப்பன் இதுவரை ஜீப்பில்தான் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். காலால் தடவித் தடவி நடந்தார்.

ஊரை நெருங்கும்போது மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. இந்த முறை மிக அருகில்.

"அம்மா..."

இருட்டிலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"சத்தம் போடாதீங்க. உள்ள வாங்க. ஆனை நிக்குது."

ஊரின் முதல் குடிசைக்காரி ரங்கி. இருவரையும் உள்ளே தள்ளி மூங்கில் படலைச் சாத்தினாள். உள்ளேயும் கும்மிருட்டு.

"விளக்கு ஏத்தலையாம்மா?" சென்னியப்பன் கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"மண்ணெண்ணெய் ஏது சாமி?"

சுவருக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. எதுவோ உரசியது. மண் பொலபொலவென்று உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. ரங்கி தன் குழந்தையின் வாயைப் பொத்தினாள். சென்னியப்பன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை.

"போயிருச்சா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. இருட்டுல என்ன தெரியும்?" என்றாள் ரங்கி. "போன மழைக்கு எங்க வீட்டுக்காரரும் போயிருச்சுன்னு நெனச்சுத்தான் படலத் தொறந்தாரு."

குழந்தை மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

நீலவேணி மெல்லப் பேசினார்.

"சென்னியப்பன், இன்றைக்கு நிலவில்லை. மேகமும் இல்லை. நட்சத்திரங்கள் எல்லாமே வந்திருக்கும். வெளியே போய் நிம்மதியாகப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குள் ரங்கியிடம் விளக்கு வேண்டாமென்று சொல்லிவைக்கிறேன்."

சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை.