ஊதுபத்திப் புகை அசையாத வீடு

கோத்தகிரிக்கு மேலே ஒரு மலைச்சரிவில் நாச்சியாரம்மை தியானம் சொல்லிக்கொடுத்தார். காவி கட்டமாட்டார். காலில் விழ வந்தவர்களைத் திட்டித் திருப்பி அனுப்புவார். சீடர்களில் முத்தரசன் என்பவர் அம்மையைவிட வயதில் பெரியவர். அரசுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முத்தரசன் அங்கே ஒரு வீடு கட்டினார். பனிக்காலத்திலும் ஹீட்டர் வேண்டாத வீடு. கனத்த சுவர், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. பிரசவம் முடிந்த மகள், கைக்குழந்தையோடு அந்த வீட்டுக்குத்தான் வரவிருந்தாள்.

ஒரு காலை அவர் அம்மையிடம் வந்தார்.

“நாளை உள்கூரைக்குப் பலகை அடிக்கிறார்கள், அம்மை. அதற்குள் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, அதன் சூட்டைக்கொண்டே வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளே விடுகிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. வைப்பதென்றால் பலகைக்கு முன்னால் குழாய் போட்டாக வேண்டும்.”

“உங்கள் எண்ணம் என்ன?”

“வேண்டாம் என்பதுதான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கட்டிய வீட்டில் இராப்பகலாக ஒரு மோட்டார் ஓடினால் ஊர் சிரிக்காதா? கதவிடுக்கில் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். புகை அசையவில்லை. அப்படிக் கட்டியிருக்கிறேன்.”

“புகை அசையவில்லை. சரி. காற்று?”

“வேண்டும்போது ஜன்னலைத் திறந்துகொள்ள எனக்குக் கை இல்லையா?”

“இருக்கிறது” என்றார் அம்மை. “இன்றைய தியானம் உங்கள் வீட்டில். எல்லாவற்றையும் சாத்துங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் நீங்களே உட்காருங்கள்.”

பன்னிரண்டு பேர் அந்தச் சிறிய அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அம்மை கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் அமர்ந்தார்.

வழக்கமாக இருமலும் செருமலும் கேட்கும். கால் மாற்றி உட்காரும் சத்தம் கேட்கும். அன்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அம்மை கதவைத் திறந்தார். உள்ளிருந்து வந்த நெடி முகத்தில் அடித்தது. அவர் நேராகப் போய் ஜன்னலைத் திறந்தார். பனிக்காற்று உள்ளே வந்ததும் ஒவ்வொருவராகக் கண் விழித்தார்கள்.

தேயிலைத் தொழிற்சாலைக்காரர் லூர்துசாமி வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மை, இத்தனை வருஷத்தில் இப்படி வாய்த்ததில்லை. உட்கார்ந்ததும் மனசு அடங்கிவிட்டது. சமாதிக்கே போய்விட்டேன்!”

“போகத்தான் பார்த்தீர்கள்” என்றார் அம்மை. “தலை வலிக்கிறதா?”

“கொஞ்சம். அது ஞானம் ஏறுகிற வலி.”

எல்லோரும் சிரித்தார்கள். நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தார்கள்.

முத்தரசனுக்குப் பெருமை தாங்கவில்லை. “பார்த்தீர்களா அம்மை? தியானத்துக்கென்றே கட்டியது போல அமைந்துவிட்டது வீடு.”

அம்மை பாய்களை எடுத்து வெளியே புல்லில் போடச் சொன்னார். மறுபடி உட்கார்ந்தார்கள். குளிர் கடித்தது. பூச்சி கடித்தது. லூர்துசாமி இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தார். ஒருவருக்கும் மனம் அடங்கவில்லை.

“உள்ளே கிடைத்தது வெளியே கிடைக்கவில்லையே, அம்மை?” என்று கேட்டார் லூர்துசாமி.

“உள்ளே உங்களுக்குக் கிடைத்தது பக்கத்து ஆள் விட்ட மூச்சு.”

லூர்துசாமி பக்கத்து ஆளைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். முத்தரசன் சிரிக்கவில்லை.

“ஒருவர்கூடக் குறை சொல்லவில்லையே” என்றார்.

கூட்டம் அமைதியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணுவது அதிகாரிகளின் பழக்கம். அவர் முப்பது ஆண்டு அதிகாரியாக இருந்தவர்.

“தூங்குகிறவர் எப்படி ஐயா குறை சொல்வார்?”

“பன்னிரண்டு பேர் அடைந்து கிடந்தால் அப்படித்தான். என் வீட்டில் நாங்கள் நாலு பேர்.”

“ராத்திரி முழுக்க.”

முத்தரசன் குரலை உயர்த்தினார்.

“சரி, இரவில் காற்று கெடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுந்து திறக்கமாட்டேனா? பேரக்குழந்தை படுக்கிற அறை. ஜன்னலுக்குப் பக்கத்தில்தானே படுத்திருப்பேன்?”

அம்மை தம் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இன்றும் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருந்தீர்கள், ஐயா.”