இருபத்து மூன்று பேருக்கும் ஒரே ஆம்

அன்று பதிவேட்டு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். குரு தில்லைநாயகி. அவருடைய சீடர் சவரிராயன். நோயாளி விமலா. விமலாவைக் கைபிடித்து அழைத்து வந்த மதினி பாக்கியத்தாய். ஐந்தாவது நான். மூலையில் இருந்த பழைய சர்வரையும் சேர்த்தால் ஆறு. அதை நான் சேர்க்கவில்லை.

எங்களுடையது ஓர் அறக்கட்டளை நடத்தும் கண் மருத்துவமனை. அதன் கணினிகளுக்குப் பொறுப்பு தில்லைநாயகி. அவருக்கு முப்பத்தொன்பது வயது. சவரிராயனுக்கு ஐம்பத்திரண்டு. மருந்துக் கிடங்கிலிருந்து மாறி வந்து நான்கு வருடமாக அவரிடம் வேலை கற்கிறார். நேரில் மேடம் என்பார். மற்றவர்களிடம் பேசும்போது குரு என்பார். அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

சர்வர் பதினோரு வருடம் பழையது. லினக்ஸில் ஓடுவது. அதிலிருந்த டேட்டாபேஸ் மென்பொருளுக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது என்று அறிவித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குருவிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரிராயன் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றினார். எட்டு மணி நேரம் பிடித்தது. மறுநாள் காலை அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"சுத்தமா முடிஞ்சது மேடம். கருவிழிப் பட்டியல்ல இருபத்து மூணு இரட்டைப் பதிவு கிடந்தது. புது டேட்டாபேஸே கண்டுபிடிச்சு ஒதுக்கிடுச்சு."

தானமாகக் கண் வந்தால் யாரை முதலில் கூப்பிடுவது என்கிற வரிசைதான் கருவிழிப் பட்டியல். ஆபரேசன் முடிந்தவர்களின் பேரையும் அதிலிருந்து எடுப்பதில்லை. அதில் 2,341 பேர் இருந்தார்கள். 2,318 ஆனார்கள்.

நான் சொல்லும் நாள் அந்த வாரத்து வியாழன். விடியற்காலையில் ஒருவருடைய இரண்டு கண்கள் வந்திருந்தன. வரிசையில் அடுத்திருந்த இருவரை ஏழு மணிக்கே தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார்கள்.

பதினொன்று பத்துக்கு விமலா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மாதச் சோதனைக்காக ஊரிலிருந்து வந்தவர்.

"எனக்கு ஆபரேசன் முடிஞ்சு போச்சாமே! கீழ கவுண்டர்ல சொல்லுதாங்க. எவளுக்கு முடிஞ்சது?"

சவரிராயன் அட்டையை வாங்கிப் பார்த்தார். கணினியில் தட்டினார்.

"சு. விமலா, நடுவக்குளம். எட்டு மாசத்துக்கு முன்னால, வலது கண்ணு. முடிஞ்சதுன்னுதான் இருக்கு."

விமலா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வலது கண்ணில் பால் கொட்டினாற்போல் வெள்ளை.

"முடிஞ்ச கண்ணா இது? நல்லாப் பாருங்க. உங்களுக்குக் கண்ணு தெரியும்லா?"

"அது கீழத்தெரு விமலா, சார்," என்றார் பாக்கியத்தாய். "அவ இப்ப ஜம்முனு டிவி பாக்கா. அவ சுந்தரம் பொண்டாட்டி. இவ மேலத்தெரு, சுடலை பொண்டாட்டி. ரெண்டு புருசனுக்கும் சு தான். அதுக்கு நாங்க என்ன செய்ய?"

"இவங்க அட்டையில விம்லான்னு இருக்கு," என்றார் சவரிராயன். "ம் மேல புள்ளி. எழுத்துப் பிழை. அதனாலதான் இரட்டைப் பதிவுன்னு ஒதுங்கியிருக்கு."

"பிழையா?" விமலாவின் குரல் வராந்தா வரை போனது. "நாலு வருசத்துக்கு முன்ன பேரு பதிய வந்தேன். விமலான்னுதான் சொன்னேன். விம்லான்னு அட்டை குடுத்தீங்க. எம் பேருல எதுக்குப் புள்ளின்னு கேட்டேன். இருக்கட்டும், அதுதான் உங்க இடம், தொலைச்சிராதீங்கன்னு சொன்னாங்க. நாலு வருசமா உங்க புள்ளியச் சுமந்துக்கிட்டு அலையுதேன். வச்சதும் நீங்க, எடுத்ததும் நீங்க. எடுக்கும்போது என்னையும் சேத்து எடுத்துட்டீங்களா?"

குரு நாற்காலியைத் திருப்பினார்.

"அப்படிச் சொன்னது யாரும்மா?"

"வயசான ஆளு. குரலக் கேட்டாச் சொல்லிருவேன்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "நான்தான்," என்றேன்.

"இந்தக் குரல்தான்," என்றார் விமலா.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் குரு.

அப்போது பதிவு கவுண்டரில் இருந்தவன் நான். சொன்னேன்.

"ஒரே பேர், ஒரே முதலெழுத்து, ஒரே ஊர்னா டேட்டாபேஸ் ரெண்டாவது ஆளை ஏத்துக்காதும்மா. முன்பே உள்ளதுன்னு சிவப்புல காட்டும். ஆளு எதுக்க நிக்கும். திருப்பி அனுப்ப மனசு வராது. ஒரு புள்ளியைக் கூட்டுவேன், இல்லாட்டிக் குறைப்பேன். ஏத்துக்கும்."

"எத்தனை பேருக்கு?"

"இருபத்து மூணு."

சவரிராயன் எழுந்துவிட்டார்.

"கேட்டீங்களா மேடம்! நான் எட்டு மணி நேரம் சோறு தண்ணி இல்லாம உக்காந்து செஞ்சிருக்கேன். இவர் இஷ்டத்துக்குப் புள்ளி வச்சிருக்கார். பழைய பதிப்பு புள்ளியையும் பார்த்து ரெண்டும் வேற பேருன்னு எடுத்துக்கிட்டது. புதுசு புள்ளியைக் கண்டுக்கிறதில்லை. இது எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேல?"

குரு வேறொன்று கேட்டார்.

"பட்டியலைப் புதுசுல ஏத்தும்போது அது உங்களைக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. முன்பே உள்ளது, தவிர்த்துவிட்டுத் தொடரவான்னு."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவைதான். அப்பவே எல்லாத்துக்கும் சேர்த்து ஆம்னு குடுத்துட்டேன்."

"இருபத்து மூணு பேருக்கும் ஒரே ஆம்."

"இருபத்து மூணு வரி, மேடம்."

"வரியா?"

குருவின் குரல் உயரவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

"பாக்கியத்தாயம்மா, உங்க நாத்தனாரை இப்படி ஜன்னல் பக்கம் நிறுத்துங்க. சார், இந்த வரியைப் படிங்க."

சவரிராயன் விமலாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

குரு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன அண்ணாச்சி, நல்லது செஞ்ச மாதிரி நிக்கறீங்க? இருபத்து மூணு உசிரை ஒரு புள்ளியில தொங்கவிட்டிருக்கீங்க. ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"யாரும் கேக்கலை."

"நானும் கேக்கலை," என்றார். அதையும் கோபமாகத்தான் சொன்னார்.

பிறகு அறுவைக் கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். டாக்டரின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"முதல் பேஷண்ட் உள்ள வந்தாச்சும்மா. ரெண்டாவது மூணு மணிக்கு. சரியான வரிசையை ரெண்டு மணிக்குள்ள குடுங்க. உங்க பட்டியலை நம்பித்தான் நான் கத்தியை எடுக்கறேன்."

மணி அப்போது பதினொன்று நாற்பது.

மாற்றுவதற்கு முன் எடுத்து வைத்த பட்டியலின் பிரதி இருந்தது. பழைய பதிப்புக்கே திரும்பிப் போய்விடலாமா என்று சவரிராயன் கேட்டார்.

"அந்தப் பழைய மென்பொருள் இப்ப எங்கே கிடைக்கும்? நெட்ல அதை வச்சிருந்த இடத்தையே மூடிட்டாங்க. மாத்தினதுல தப்பில்லை சார். உக்காருங்க."

பேரை வைத்து ஆளை அடையாளம் காணும் விதியை குரு நீக்கினார். ஆளுக்கு ஒரு எண் என்று மாற்றினார். இனி இருபத்து மூன்றையும் ஒரே தட்டில் ஏற்றிவிட முடியும். சவரிராயன் விசையில் விரல் வைத்தார். குரு அந்தக் கையைத் தள்ளிவிட்டார்.

"ஒவ்வொண்ணா. படிச்சு, யாருன்னு அண்ணாச்சியைக் கேட்டு, அப்புறம்."

"நேரம் இல்லையே மேடம்."

"ஞாயித்துக்கிழமை மிச்சம் பிடிச்ச நேரம்தான். எடுத்துச் செலவு பண்ணுங்க."

சவரிராயன் படித்தார். "மா. செலவம்."

"செல்வம்," என்றேன். "மீன் வலை பின்னுறவர். ல் மேல இருந்த புள்ளியை எடுத்தேன்."

"செல்வத்தைச் செலவமாக்கிட்டாரே அண்ணாச்சி!" என்று பாக்கியத்தாய் சிரித்துவிட்டார். விமலா சிரிக்கவில்லை.

"பே. மர்கதம்."

"மரகதம். சத்துணவுக் கூடத்துல சமைக்கிறவங்க. ரெண்டு கண்ணும் போச்சு."

"கு. பர்மன்."

"பரமன். போன ஆடியில இறந்துட்டார்."

"அப்ப இவரை விட்டுடலாம்ல, மேடம்?"

"இறந்துட்டார்னு எழுதி ஏத்துங்க. இருந்தவர்தானே."

போகப் போக சவரிராயனின் வேகம் குறைந்தது. ஒவ்வொரு பேரையும் இரண்டு முறை படித்தார். புள்ளிகளை நான் சொல்லச் சொல்ல எடுத்தார், வைத்தார். பதினெட்டாவதாக வந்தது விம்லா. அவர் என்னைக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்க பேரை எப்படி எழுதட்டும்?"

"எங்கப்பா வச்ச மாதிரி எழுதுங்க," என்றார் விமலா. "புள்ளி இல்லாம."

ஒன்று நாற்பதுக்கு இருபத்து மூன்றும் ஏறின. மறுபடி 2,341. அச்செடுத்த தாளில் அன்றைய வரிசை இப்படி இருந்தது: முதலாவது சண்முகக்கனி. அவரைத்தான் கூடத்துக்குள் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டாவது விமலா. மூன்றாவது எசக்கிமுத்து.

செவிலி வந்து விமலாவை அழைத்துப் போனார். பாக்கியத்தாயும் பின்னாலேயே போனார். "ஏ மதினி, அட்டைய மட்டும் விட்டுராத," என்று விமலா போகிற போக்கில் கத்தினார்.

அறையில் நாங்கள் மூவர் மிஞ்சினோம். சவரிராயன் தாளை மடித்தார், பிரித்தார்.

"எசக்கிமுத்துவைக் காலையிலேயே வரச் சொல்லிட்டாங்க. அவர்கிட்ட யார் சொல்றது?"

குரு எழுந்து செருப்பை மாட்டினார். நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். வார்டுக்கு எழுபத்திரண்டு படி.

எசக்கிமுத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர். நாற்பத்தொரு வயது. பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது புருவத்துக்கு மேல் மையால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"போலாமா சார்?"

"இன்னைக்கு உங்களுக்கு இல்லை," என்றார் சவரிராயன். "அடுத்த கண்ணு வந்ததும் நீங்கதான் முதல்ல."

எசக்கிமுத்து கையால் புருவத்தைத் தொட்டார்.

"ரெண்டாவதுன்னுதானே போன் பண்ணீங்க? மூணு பஸ்ஸு மாறி ஓடியாறேன்."

"மூணாவது. எங்க பக்கம் தவறு."

"புள்ளி வச்சது நான்," என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. என்னை விட்டுவிட்டு சவரிராயனையே பார்த்தார்.

"காலையில ரெண்டு, மத்தியானம் மூணா? நடுவுல புகுந்தது யாரு? எவன் சிபாரிசு?"

"சிபாரிசெல்லாம் இல்லைங்க."

"பின்ன? நெத்தியில கோடு போட்டு உக்கார வச்சிட்டு இல்லைங்கீங்க. சிபாரிசு இல்லாம இது எப்படி நடக்கும்? சொல்லுங்க. எனக்கு ஒரு காரணம் வேணும்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சவரிராயன் குருவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இவர்கிட்ட நான் என்ன சொல்ல, மேடம்?"

"ஞாயித்துக்கிழமை ஒரு ஆம் சொன்னீங்களே. அதை இவர்கிட்ட சொல்லுங்க."

சவரிராயன் கையிலிருந்த தாளைப் பிரித்தார். எசக்கிமுத்து காத்திருந்தார்.

கண் இரண்டு. வரிசையில் வந்தவர் மூவர். மீதி ஒருவர்.